ஒற்றைச் செருப்போடு கேட்ட முடிவு

நாரின்,
உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள்.

என் கண்ணே மெரிம்,

இங்கே ஆட்களும் சுகம், மாடும் கன்றும் சுகம், நிலக்கரியும் ஏப்ரல் முடியும்வரை தாங்கும். அங்கே இஸ்மிரில் நீயும் உன் அறைத்தோழியும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நல்லபடியாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து வீட்டு ஷாய்ர்குல் தன் மகளைப் பார்க்க வியாழக்கிழமை அங்கே வர விமானம் ஏறுகிறாள். அவளிடம் ஒரு பை உலர்தயிர்க் குருத் உருண்டை, உலர்ந்த பாதாமி, உனக்கும் உன் தோழிக்கும் கம்பளிக் காலுறை, கூடவே இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் நீ "அம்மா, சுருக்கமா சொல்லுங்க, டியூட்டிக்குப் போகணும்" என்பாய். இது சுருக்கமாகச் சொல்ல முடியாத சங்கதி.

இன்று காலை எழுந்ததும், அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல், நான் முதலில் செய்தது வாசலில் கிடந்த ரப்பர் செருப்புகளை ஜோடி சேர்த்துப் பார்த்தது. மூன்று ஜோடி மிச்சம் இருந்தது. அதில் ஒரு ஜோடியில் இரண்டுமே இடது கால். அப்படியானால் ஊரில் யாரோ ஒருவர் இரண்டு வலது காலோடு வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார். உன் அப்பா போர்வையைப் போர்த்திக்கொண்டே வந்து பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் சொல்றது, கதைய ஒழுங்கா முடிக்கணும்னு" என்று சிரித்தார். நேற்று நம் வீட்டில் முப்பது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள் மெரிம். அத்தனை பேரும் கதை கேட்க வந்தவர்கள்.

ஜூமார்ட் அண்ணனின் யோசனைதான் எல்லாம். எங்கள் சிறிய சபைக்கு அவர் போதகராக வந்ததிலிருந்து ஒரு குறை சொல்லிக்கொண்டே இருந்தார்: "புத்தகத்தத் தொறந்தா நம்ம சனம் வாசல் எங்கேன்னு பாக்குது. வாயால சொன்னா விடிய விடியக் கேக்குது." அதனால் இந்த முறை உயிர்ப்பு நாளில் பிரசங்கம் வேண்டாம், நான்கு நற்செய்திகளில் மிகச் சிறியதை முதலிலிருந்து கடைசிவரை, கையில் புத்தகம் இல்லாமல், ஆறு பேர் பிரித்துக்கொண்டு சொல்வோம், உறவினர் அண்டைவீட்டார் எல்லாரையும் விருந்துக்கு அழைத்து உட்காரவைத்துச் சொல்வோம் என்றார். எனக்குக் கடைசிப் பங்கு. சிலுவை, அடக்கம், கல்லறை. "வாத்தியாரம்மா, நீங்கதான் முடிச்சு வைக்கணும்" என்றார். நான் பள்ளியில் சொல்லிக்கொடுப்பது வேதியியல், அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். சோதனையைப் பாதியில் விடாதவர் என்பதுதான் சம்பந்தம் என்றார்.

ஆக, நோன்புக்காலம் முழுக்கக் காலையும் மாலையும் மாட்டுக்கொட்டிலில்தான் மனப்பாடம் செய்தேன். பால் கறக்கும்போது வேறு யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். உன் அப்பா ஒருநாள் கதவருகில் நின்று கேட்டுவிட்டு, "பாத்து, இன்னும் ஒரு வாரம் இப்படிச் சொன்னேன்னா மாடு ஞானஸ்நானம் கேக்கும். அப்புறம் ஆத்துக்கு ஓட்டிக்கிட்டுப் போறது யாரு?" என்றார். அவர் சபைக்கு வருவதில்லை, உனக்குத் தெரியும். ஆனால் நேற்று எல்லாருக்கும் முன்னால் எழுந்து ஆட்டை அறுத்து, தேநீருக்குச் சமோவாரை மூட்டி, கூடத்தில் விரிப்பு போட்டவர் அவர்தான். அந்த மனிதருக்கு நான் இன்னும் என்னென்ன நன்றி சொல்லாமல் வைத்திருக்கிறேன் என்று சில நாள் யோசிப்பதுண்டு.

படிப்பது ஒன்று, மனப்பாடம் செய்வது வேறு. இத்தனை வருடம் படித்தும் கண்ணில் படாதது நாக்கில் பட்டது. என் பங்கு கடைசி என்றாலும், அது எங்கிருந்து வருகிறது என்று தெரிய முழுவதையும் உருப்போட்டேன். முதல் பாதி என்ன ஓட்டம் ஓடுகிறது தெரியுமா. உடனே புறப்பட்டார், உடனே போனார், உடனே குணமானது. மூச்சு விட இடமில்லை. ஒரு கதை நடக்கும்போதே அதன் வயிற்றைக் கிழித்து இன்னொரு கதையை உள்ளே வைக்கிறார்கள். சாகக்கிடக்கும் சிறுமியைப் பார்க்க ஈசா போகும் வழியில், பன்னிரண்டு வருடமாக உதிரம் நிற்காத ஒருத்தி பின்னாலிருந்து அவர் உடையைத் தொடுகிறாள். அவளிடம் அவர் நின்று பேசி முடிப்பதற்குள் சிறுமி இறந்துவிட்டாள் என்று செய்தி வருகிறது. அந்தச் சிறுமிக்கு வயது பன்னிரண்டு. நாம் விரிப்பு செய்யும்போது கறுப்புக் கம்பளியையும் சிவப்புக் கம்பளியையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே கத்தியால் வெட்டுவோமே, கறுப்பில் விழுந்த பள்ளத்தில் சிவப்பு வந்து சரியாகப் பொருந்துமே, அதே வேலை. ஒருத்தியின் காத்திருப்பை இன்னொருத்தியின் ஆயுளுக்குள் பொருத்தியிருக்கிறது. நான் கறந்த பாலைக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்தை மறுபடி முதலிலிருந்து சொல்லிப் பார்த்தேன்.

நடுவில் கதை நின்று திரும்புகிறது. அதற்கு முன்னால் ஒரு குருடனுக்குப் பார்வை இரண்டு தவணையாக வருகிறது. முதலில் மனிதர்கள் மரங்கள் நடப்பதுபோல் தெரிகிறார்கள், இரண்டாவது தொட்ட பிறகுதான் தெளிவு. அடுத்த நிமிடமே சீடர்களிடம், நான் யார் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்கிறார். பேதுரு சரியாகச் சொல்கிறான். சொன்ன கையோடு திட்டும் வாங்குகிறான். அவனுக்கும் மனிதர்கள் மரமாகத்தான் தெரிகிறார்கள் போல. அங்கிருந்து பாதை எருசலேமுக்கு. மூன்று முறை, எனக்குச் சாவு வரப்போகிறது என்கிறார். மூன்று முறையும் அவர்கள் நம்மில் யார் பெரியவன், யாருக்கு எந்த இடம் என்ற பேச்சிலேயே இருக்கிறார்கள். விருந்தில் யாரை மேல்வரிசையில் உட்காரவைப்பது என்று நம் உறவுக்காரர்கள் போடும் சண்டையைக் கண்ணால் பார்ப்பது போலிருந்தது. எருசலேம் வந்த பிறகு ஓட்டம் போய் நடை வருகிறது. வருடக்கணக்கில் தாவிய கதை நாள்கணக்காகி, கடைசி நாளில் மணிக்கணக்காகிவிடுகிறது. குதிரையிலிருந்து இறங்கி, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து போவதைப்போல.

இன்னொன்றும் பார்த்தேன். கதை முழுக்க, குணமானவர்களிடம் ஈசா, யாரிடமும் சொல்லாதே என்கிறார். அவர்கள் கேட்பதே இல்லை. ஊர் ஊராகப் போய்ச் சொல்கிறார்கள். பேய் விட்டுப்போன ஒருவனைத் தவிர்த்தால், கடைசியில் ஒரே ஒரு முறைதான், போய்ச் சொல்லுங்கள் என்று கட்டளை வருகிறது, கல்லறைக்கு வந்த மூன்று பெண்களுக்கு. அவர்கள் நடுங்கிக்கொண்டு ஓடிப்போகிறார்கள். பயந்ததால் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. பிறகு வரும் சில வாக்கியங்கள் பழைய பிரதிகளில் இல்லை என்று அடிக்குறிப்பே போட்டிருக்கிறார்கள். நான் ஜூமார்ட் அண்ணனிடம், பயத்தோடேயே முடிக்கிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "விருந்துக்குக் கூப்பிட்டு வந்தவங்கள டீ குடுக்காம அனுப்புற மாதிரி இருக்கும் தங்கச்சி. பின்னாடி இருக்கிறதையும் சேத்துச் சொல்லிருங்க, சந்தோசமாப் போவாங்க" என்றார். பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பெண்களைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிலுவைவரைக்கும் கதையில் அவர்கள் பெயரே இல்லை. எல்லா ஆண்களும் ஓடிப்போன பிறகுதான், தூரத்தில் சில பெண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், இவர்கள் கலிலேயாவிலிருந்தே அவர்கூட வந்தவர்கள், அவருக்கு வேண்டியதைச் செய்தவர்கள் என்று வருகிறது. அப்படியானால் அந்த அத்தனை ஓட்டத்திலும் யாரோ ரொட்டி சுட்டிருக்கிறார்கள், துணி துவைத்திருக்கிறார்கள். அந்த வரியை முதல்முறை வாய்விட்டுச் சொன்னபோது எனக்கு என் அப்பாவின், உன் தாத்தாவின், சாவு வீடு ஞாபகம் வந்தது.

போன செப்டம்பரில் நீ விடுப்பு கிடைக்காமல் வர முடியவில்லை. உன்னிடம் நான் முழுதும் சொல்லவும் இல்லை. முற்றத்தில் தாத்தாவுக்குக் கம்பளிக் கூடாரம் போட்டிருந்தார்கள். உள்ளே உன் கலிபா மாமியும் தாத்தாவின் தங்கையும் கறுப்பு கட்டி, வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி சொன்னார்கள். எனக்கு அங்கே இடம் போடவில்லை. உன் தெமிர் மாமா என்னைச் சமையல் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டு, "தங்கச்சி, தப்பா எடுத்துக்காத. நீ ஈசா கூட்டத்துல சேந்தது ஊருக்கே தெரியும். நீ பாடினா, இவ யாரு சாமியக் கூப்பிட்டு அழுறான்னு கெழடுங்க கேக்கும். மொல்லாவும் மொகம் சுளிப்பாரு. அப்பாவ எடுக்கிறவரைக்கும் அமைதியாப் போயிடட்டும்" என்றான். அவன் கண் சிவந்திருந்தது. கோபத்தால் அல்ல. மூன்று நாளாகத் தூங்காதவன். சரி அண்ணா என்றேன். போய் உட்கார்ந்து போர்சோக்குக்கு மாவு உருட்டினேன். கொதிக்கும் எண்ணெய்ப் பக்கம் நின்றால் கண்ணில் தண்ணீர் வருவதை யாரும் கேட்பதில்லை. ஆண்கள் தாத்தாவைத் தூக்கிக்கொண்டு இடுகாட்டுக்குப் போனார்கள். பெண்கள் போகும் வழக்கம்தான் நமக்கு இல்லையே, நாங்கள் வேலியோரம் நின்று பார்த்தோம். திரும்பி வந்து ஜூமார்ட் அண்ணனிடம் மனம் விட்டுப் பேசலாம் என்று போனால் அவரும், "நல்லதாப் போச்சு. நம்பிக்கை உள்ளவங்களுக்கு ஒப்பாரி எதுக்கு, அது பழைய காலத்துப் பழக்கம்" என்று முடித்துவிட்டார். இரண்டு பக்கமும் நல்லவர்கள்தான். இரண்டு பக்கமும் ஒரே பதிலைச் சொன்னதுதான் எனக்கு விளங்கவில்லை. பெற்ற தகப்பனுக்கு மகள் அழுது பாடாத வீடு நம் பக்கத்தில் ஒன்று உண்டென்றால் அது என் பிறந்த வீடு. வரும் செப்டம்பரில் தாத்தாவின் வருட விருந்து. அன்றைக்குக் கடைசியாக ஒருமுறை ஒப்பாரி பாடி, கறுப்பைக் கழற்றித் துக்கத்தை முடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு பாட இடமே கிடையாது. குளிர்காலம் முழுக்க இதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

நேற்றைக்கு வருகிறேன். நான் அழைத்தவர்களில் கலிபா மாமி வருவாள் என்று சத்தியமாக எதிர்பார்க்கவில்லை. கை நிறைய வெண்ணெய்க் கிண்ணத்தோடு உள்ளே வந்து, "ஏய் கண்ணாடிக்காரி, உன் சாமி வீட்டு விருந்துல எங்களுக்கும் எடம் உண்டா, இல்ல வாசல்லயே நிக்கணுமா?" என்றாள். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாளில் எனக்கு அவள் வைத்த பெயர் அது. புருஷன் வீட்டாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாதென்று ஆளுக்கொரு பட்டம் வைத்தாளே, ஒருநாளும் என்னைப் பெகாயிம் என்று கூப்பிட்டதில்லை. "உங்களுக்கு இல்லாத எடமா அண்ணி, மேல உக்காருங்க" என்றேன். அண்ணன் எங்கே என்று கேட்டேன். "தெருவுல. கார்ல. உள்ள வந்தா ஞானஸ்நானம் ஒட்டிக்குமாம், சளி மாதிரி" என்றாள். எட்டிப் பார்த்தேன். தெமிர் மாமா உண்மையாகவே காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, தொப்பியோடு உட்கார்ந்திருந்தான். உன் அப்பா அவனுக்கு ஒரு தட்டில் கறியும் தேநீரும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

கதை சொல்லல் மிக நன்றாகப் போனது. நம் சனத்துக்குக் கேட்கத் தெரியும். கூரையைப் பிரித்து முடவனை இறக்கிய இடத்தில் உன் அப்பா, "அந்த ஓட்டைய அப்புறம் யாரு அடைச்சாங்க? அத யாரும் சொல்ல மாட்டேங்குறீங்க" என்றார், கூரையேறியே பழகிய மின்வாரியக்காரருக்கு அந்தக் கவலை. பேய்கள் பன்றிக்கூட்டத்தில் புகுந்து இரண்டாயிரம் பன்றி ஏரியில் விழுந்து செத்தபோது எதிர்வீட்டு மமித் தாத்தா, "பன்னிதானே, போகட்டும். ஆடா இருந்தா இங்கயே எந்திரிச்சுப் போயிருப்பேன்" என்றார். பேதுரு மறுதலித்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. கலிபா மாமி மட்டும் மெதுவாக, "பயந்த மனுசன், பாவம்" என்றாள். பிறகு என் முறை வந்தது. சிலுவையைச் சொன்னேன். தூரத்தில் நின்ற பெண்களைச் சொன்னேன். யோசேப்பு என்ற ஒருவர் தைரியமாகப் போய் உடலைக் கேட்டு வாங்கி, துணியில் சுற்றி, கல்லறையில் வைத்துக் கல்லைப் புரட்டியதைச் சொன்னேன். எங்கே வைத்தார்கள் என்று இரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டார்கள் என்றேன். அங்கே மூச்சு வாங்க நிறுத்தினேன். அடுத்த பகுதிக்கு முன்னால் கொஞ்சம் அமைதி வேண்டும் என்று நானே திட்டமிட்டிருந்த இடைவெளி.

அந்த இடைவெளியில்தான் எல்லாம் கவிழ்ந்தது. செத்தவரைப் புதைத்தாயிற்று என்று கேட்டதும் மமித் தாத்தா என்ன செய்வார்? எழுபது வருடமாக என்ன செய்தாரோ அதைச் செய்தார். இரண்டு கையையும் விரித்து, "போனவருக்கு நல்ல இடம் கெடைக்கட்டும், இருக்கிறவங்களுக்கு ஆயுசு கெடைக்கட்டும், இந்த வீட்டுல ரொட்டி குறையாம இருக்கட்டும், ஓமின்" என்று விருந்தை முடித்துவைக்கும் ஆசியான பாத்தாவைக் கொடுத்துவிட்டார். முப்பது பேரும் ஓமின் என்று முகத்தைத் தடவிக்கொண்டார்கள். ஜூமார்ட் அண்ணனும் தடவிக்கொண்டார்! அதைவிட, நானும் தடவிக்கொண்டேன் மெரிம். கை தானாகப் போய்விட்டது. தடவி முடித்து விரலுக்கு நடுவே பார்க்கிறேன், எல்லாரும் எழுந்துவிட்டார்கள். பாத்தா விழுந்த விரிப்பில் மறுபடி யார் உட்காருவார்? பெண்கள் மிச்ச மிட்டாயையும் போர்சோக்கையும் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கைக்குட்டையில் முடிந்துகொள்கிறார்கள், ஆண்கள் வாசலில் குனிந்து செருப்பு தேடுகிறார்கள், ஒருவர் என்னிடம், "நல்லாச் சொன்னம்மா, பாவம் நல்ல மனுசன், வயசும் கம்மி" என்று துக்கம் விசாரிக்கிறார். உயிர்ப்பு ஞாயிறன்று, எங்கள் வீட்டில், உயிர்ப்பைக் கேட்காமலேயே ஊர் கலைந்து போய்க்கொண்டிருந்தது.

அப்போது கலிபா மாமிதான் கத்தினாள்: "எங்க ஓடுறீங்க? பொதைச்சது ஆம்பளைங்க. பொம்பளைங்க வேலை இன்னும் முடியல! அந்த ரெண்டு பேரும் எடத்தப் பாத்து வச்சுக்கிட்டாங்கன்னு சொன்னாளே, சும்மாவா பாத்தாங்க? ஏய் கண்ணாடிக்காரி, அவளுங்க என்ன பண்ணினாளுங்க?" எல்லாரும் நின்ற இடத்தில் நின்றார்கள். யாரும் திரும்பி உட்காரவில்லை, உட்காரவும் முடியாது. பாதிப்பேர் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் காலுறையுமாக, மமித் தாத்தா நிலைப்படியைப் பிடித்தபடி. நான் கூடத்து நடுவிலிருந்து எழுந்து வாசலுக்கே போய், அவர்களோடு நின்றுகொண்டு சொன்னேன். ஓய்வுநாள் கழிந்தது, மூன்று பெண்கள் வாசனைத் தைலம் வாங்கினார்கள், சூரியன் எழும் நேரத்தில் போனார்கள், அந்தக் கல்லை நமக்கு யார் புரட்டித் தருவார் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே போனார்கள். நிமிர்ந்து பார்த்தால் கல் புரண்டு கிடந்தது. உள்ளே வெள்ளை உடுத்த ஒரு வாலிபன். அவர் இங்கே இல்லை, எழுந்துவிட்டார், உங்களுக்கு முன்னால் கலிலேயாவுக்குப் போகிறார், போய்ச் சீடர்களிடமும் பேதுருவிடமும் சொல்லுங்கள் என்றான். பெண்கள் நடுக்கத்தோடு வெளியே ஓடினார்கள். பயந்ததால் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டேன். திறந்த கதவு வழியாகக் குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது.

"அப்புறம்?" என்றார் மமித் தாத்தா. அவ்வளவுதான் தாத்தா என்றேன். "அவ்வளவுதான்னா? ஒத்தக் கால்ல நிக்கவச்சு இப்படி விட்டுட்டா நான் எப்படிம்மா தூங்குறது?" என்றார். நான் ஜூமார்ட் அண்ணனைப் பார்த்தேன், மிச்சத்தைச் சேர்க்கச் சொல்வாரோ என்று. அதற்குள் கலிபா மாமி சால்வையை இறுக்கிக்கொண்டு, "அடப்போங்க. யார்கிட்டயும் சொல்லலைன்னா இந்தக் கதை நாரின் வரைக்கும் எப்படி வந்துச்சு? எவளோ ஒருத்தி வாயத் தொறந்திருக்கா. பயந்துகிட்டே தொறந்திருக்கா" என்றாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. ஜூமார்ட் அண்ணனும் சிரித்தார், சிரித்துவிட்டு எதையும் சேர்க்கச் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பிலும் நெரிசலிலும்தான் செருப்பெல்லாம் மாறிப்போனது.

வழியனுப்ப நான் கார்வரை போனேன். தெமிர் மாமா கண்ணாடியை இறக்கி, "முடிஞ்சுதா? உள்ள சிரிப்புச் சத்தம் கேட்டுச்சே, செத்தவர் கதைன்னு சொன்னாங்க" என்றான். சிரிக்கிற மாதிரி முடிஞ்சுது அண்ணா என்றேன். அப்புறம் அவன், உருளைக்கிழங்கு எடுத்த பிறகு அப்பாவின் வருட விருந்தை வைக்கலாம் என்றிருக்கிறேன், நாலு நாள் முன்னாலேயே வந்துவிடு, உன் போர்சோக் மாதிரி யாருக்கும் வராது என்று சொன்னான். மறுபடியும் எண்ணெய்ச் சட்டிதான். ஆனால் அவன் அதைப் பாசத்தோடுதான் சொன்னான், எனக்கும் கோபம் வரவில்லை. கலிபா மாமி காரில் ஏறப் போனவள் திரும்பி வந்து என்னைக் கட்டிக்கொண்டு காதோடு, இப்போது கேலி இல்லாமல், "அன்னிக்கு நானும் அத்தையும் பாடினோம்டி. மருமக குரல் ஒரு பக்கம், கூடப்பொறந்தவ குரல் ஒரு பக்கம். நடுவுல மக குரல் இல்ல. கூடாரத்துல ஒரு கம்பு உருவின மாதிரி இருந்துச்சு" என்றாள். இத்தனை மாதமாக அவள் என்மேல் மனத்தாங்கலாக இருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். மனத்தாங்கல் அல்ல, என்னைத் தேடியிருக்கிறாள். நேற்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன் மெரிம். பல மாதத்துக்குப் பிறகு.

மற்றபடி எல்லாம் வழக்கம்போல. கன்று நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு இருக்கிறது, உன் அப்பா அதற்கு வைத்திருக்கும் பெயரைக் கேட்டால் நீ கோபித்துக்கொள்வாய், அதனால் எழுதவில்லை. அவருடைய கடைவாய்ப்பல் மறுபடி வலிக்கிறது, மருத்துவரிடம் போகச் சொன்னால் உப்புத்தண்ணீர் போதும் என்கிறார். நீ சொன்னால் கேட்பார், மகள் செவிலியாகப் போகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவர்தானே. என் பத்தாம் வகுப்பில் இந்த வருடம் இரண்டு பெண்கள் நன்றாகப் படிக்கிறார்கள், பார்த்தால் உன்னைப் பார்ப்பது போலிருக்கிறது. மலையில் பனி இன்னும் உருகவில்லை, ஆற்றில் மட்டும் சத்தம் கூடியிருக்கிறது. நீ போனமாதம் தொடர்ந்து இரவுப்பணி பார்த்ததாக உன் தோழி சொல்லிவிட்டாள், அவளைத் திட்டாதே, நான்தான் கேட்டு வாங்கினேன். அடுத்தவருடைய முறையையும் சேர்த்துப் பார்க்கிறாய் என்றாள். உதவி செய், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் உன்னை அடுக்களைக்குள்ளேயே வைத்துக்கொள்ள நீயே இடம் கொடுக்காதே. முடியாது என்பதைச் சிரித்த முகத்தோடும் சொல்லலாம், அது எனக்கு நாற்பத்தாறு வயதில்தான் தெரியவருகிறது, உனக்கு முன்னாலேயே தெரிந்தால் நல்லது. கடல் காற்று என்று தலையை மூடாமல் திரியாதே.

உன் போக்கும் வரவும் கர்த்தர் காவலில் இருக்கட்டும். உன் கைபட்ட நோயாளிகளுக்கு வலி குறையட்டும், உன் தட்டில் ரொட்டியும் உன் பக்கத்தில் நல்ல மனிதர்களும் இருக்கட்டும். ஷாய்ர்குல் திரும்பும்போது காலி டப்பாக்களைக் கொடுத்தனுப்ப மறந்துவிடாதே, மூடியோடு. அப்பாவுக்கு ஞாயிறன்று போன் போடு, பல்லைப் பற்றி நீயாகக் கேட்பதுபோல் கேள்.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் அப்பாவிடம் இல்லை, கலிபா மாமியிடமும் இல்லை. தெமிரிடம் அனுமதி கேட்கப்போவதில்லை, ஜூமார்ட் அண்ணனிடம் சம்மதம் கேட்கப்போவதும் இல்லை. வருட விருந்தன்று போர்சோக்கை விடியுமுன் சுட்டு வைத்துவிட்டு, கையைக் கழுவி, கறுப்பு கட்டிக்கொண்டு, கூடாரத்துக்குள் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் போய்ச் சுவரைப் பார்த்து உட்காருவேன். தோலோன் கணவாயில் ஆயுள் முழுக்க மற்றவர்களுக்குப் பனியை விலக்கி வழி திறந்துவிட்ட என் அப்பாவுக்கு, நான் நம்புகிறவர் பெயரையும் மறைக்காமல், ஒப்பாரி பாடுவேன். முதல் இரண்டு அடி இன்று காலை அமைந்துவிட்டது. பயமாகத்தான் இருக்கிறது. பாடுவேன்.

உன் அம்மா,
பெகாயிம்